குளத்தைத் தூர்வாரும் முன்னே

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு ஒரு கல் தொலைவு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர்க் குளம். மூன்று பக்கமும் சரிவான விளைகள், ஒரு பக்கம் ஏலா. ஏலா என்றால் நம் வாசகர்களில் பலருக்குப் புரியாது. எங்கள் பக்கத்தில் வயல்வெளிக்கு அதுதான் பெயர். சிறு வயதில் அந்தக் குளத்தின் நடுவில் நின்று நான் தரை தொட்டதில்லை. சென்ற ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது அதே இடத்தில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் முட்டி நனையவில்லை.

குளத்தைத் தூர்வார வேண்டும் என்று ஊரில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். மும்பையிலிருந்து வந்த விருந்தாளி என்று என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தூர்வாருவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் செலவில் என்பதில்தான் சண்டை. கீழ்ப்பக்கம் வயல் வைத்திருப்பவர்கள், மேலேயிருந்து மண்ணை இறக்கியவன் பணம் தரட்டும் என்றார்கள். மேல்விளையில் ரப்பர் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் எழுந்து நின்றார்.

"எனக்க விளையில இருந்து ஒரு பிடி மண்ணு போகல்ல. கட்டு கட்டி வச்சிருக்கேன். அந்த மரச்சீனிக்காரனைப் போய்க் கேளு."

மரச்சீனி நட்டிருப்பவர் குத்தகைக்காரர், வயதில் மூத்தவர். "நான் நாப்பது வருசமா மரச்சீனி நடுதேன். குளம் பத்து வருசத்திலதான் தூர்ந்துது. கணக்கு நீங்களே போடுங்க" என்றார் அமைதியாக.

அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. கூட்டம் கலைந்தது. நானும் வாய் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

மும்பையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவுக்கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விஞ்ஞானி அல்லன், விஞ்ஞானிகளுக்குக் கருவியைத் துடைத்துக் கொடுத்தவன். ஆனால் எங்கள் ஊர்ச் சண்டையைத் தீர்க்கக்கூடிய ஒரு வழி அந்தக் கருவிகளுக்குள்ளே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். ஊரில் நிலம் வைத்துக்கொண்டு வெளியூரில் பிழைக்கும் குடும்பங்கள்தானே நாம் எல்லோரும்.

மண் எங்கிருந்து போயிற்று, எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த ஆண்டில் சேர்ந்தது என்பதை மண்ணைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்கு உதவுவது, நம்பினால் நம்புங்கள், அணுகுண்டு.

1945 முதல் 1980 வரை உலக வல்லரசுகள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அணுகுண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்துப் பார்த்தன. தொடக்க காலக் குண்டுகளின் தூசி பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே விழுந்தது. ஹைட்ரஜன் குண்டு வந்த பிறகு நிலைமை மாறியது. அதன் வேகத்தில் தூசி வானின் மேலடுக்கு வரை ஏறி, உலகைச் சுற்றி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மழையோடு இறங்கியது. அதில் ஒரு பொருள் சீசியம்-137. இயற்கையில் கிட்டத்தட்ட இல்லாதது. மனிதன் அணுவைப் பிளந்ததால் பிறந்தது. முப்பது ஆண்டுகளில் பாதியாகும், அடுத்த முப்பதில் மீதியில் பாதியாகும்.

1954 மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த குண்டு 15 மெகாடன். அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்து, அதிலிருந்தவர்களில் ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி நேரு நாடாளுமன்றத்தில் எழுந்து, சோதனைகளை உடனே நிறுத்திவையுங்கள் என்று கேட்டார். யாரும் நிறுத்தவில்லை. 1961 அக்டோபரில் சோவியத் நாடு வெடித்தது 50 மெகாடன். கடைசியில் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் சோதனைகளைப் பூமிக்கடியில் கொண்டுபோயின. பிரான்சும் சீனமும் இன்னும் பல ஆண்டுகள் வானத்திலேயே வெடித்தன. ஆகவே உலகெங்கும் மண்ணில் சீசியம் கண்ணில் படத் தொடங்குவது 1954 வாக்கில், உச்சம் 1963-இல், பிறகு வேகமாக இறக்கம்.

1954 என்றதும் எங்கள் பக்கத்து மக்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதிதான் விளவங்கோடு, கல்குளம் பகுதியில் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று கேட்ட நம்மவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு ஆண்டு கழித்து 1956 நவம்பர் 1-இல் எல்லைக்கோடு விழுந்தது. விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். பாறசாலைத் தமிழன் கேரளத்துக்காரன் ஆனான். குண்டுத் தூசிக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மழையில் இறங்கியது.

இறங்கிய சீசியம் என்ன செய்யும்? களிமண் துகளைக் கண்டால் கட்டிக்கொள்ளும். தண்ணீர் ஓடினால் கரைந்து கூடப் போகாது. செடியும் அதை அதிகம் உறிஞ்சாது. மண்துகள் நகர்ந்தால்தான் அதுவும் நகரும். இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. நாம் ஒவ்வொரு மண் துகளுக்கும் சாயம் பூச முடியாது. குண்டு போட்டவர்கள் நமக்காகப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் இல்லை என்பது வேறு.

யாரும் உழாத, கொத்தாத, மேலிருந்து மண் வந்து சேராத, கீழே மண் போகாத ஒரு சமநிலத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு சீசியம் இருக்கிறதோ அதுதான் மழை கொண்டுவந்து கொட்டிய முதல். அதோடு நம் விளையில் இருப்பதை ஒப்பிட வேண்டும். விளையில் குறைவாக இருந்தால் மண் போயிருக்கிறது. அடிவாரத்தில் கூடுதலாக இருந்தால் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தொட்டி கட்டி மண்ணை நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே நாளில் மண் எடுத்து, அறுபது ஆண்டுச் சராசரியைச் சொல்லிவிடலாம்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சமநிலம் எங்கே என்று யோசித்தேன். முதலில் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் மண்ணைக் கிளறாமல் அங்கே யாரையும் அடக்கம் செய்ய முடியாதே! பள்ளிக்கூட மைதானம் இரண்டு முறை மண் போட்டு உயர்த்தியது. கடைசியில் மிஞ்சியது காவு. நாகத்துக்கு அஞ்சி யாரும் கோடரி வைக்காத, மண்வெட்டி வைக்காத கால் ஏக்கர் காடு. பக்தியோ பயமோ, விஞ்ஞானத்துக்குத் தேவையான இடத்தை நம் முன்னோர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி குளம். குளத்துச் சேற்றில் ஒரு குழாயை நேராக இறக்கி, உள்ளே நிற்கும் சேற்றைக் கலையாமல் எடுத்து, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக அறுப்பார்கள். காய வைத்து, பொடித்து, ஒவ்வொன்றையும் கருவியில் வைப்பார்கள். கருவி என்பது ஜெர்மேனியப் படிகம். திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் இயங்குவது. அந்த நைட்ரஜனை வாரந்தோறும் ஊற்றிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் அதன் அருமை எனக்குத் தெரியும். சீசியத்தின் கதிர் 662 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கூரிய முனையாகத் திரையில் எழும்பும். முனை முதன்முதலில் தெரியும் வில்லை 1954-ஐ ஒட்டியது. மிக உயரமாக எழும்பும் வில்லை 1963. எடுத்துக்காட்டுக்கு, 1963 வில்லை சேற்றின் மேல்மட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தூர்ந்திருக்கிறது என்று பொருள். ஐரோப்பியக் குளங்களில் 1986 ஏப்ரலில் நடந்த செர்னோபில் விபத்து இரண்டாவது முனையாகத் தெரியும். நம் தென்கோடிக்கு அது அப்படி வரவில்லை. (மும்பையில் பழைய ஆட்களுக்கு அந்த விபத்து வெண்ணெய் வழியாக நினைவிருக்கும். அயர்லாந்து வெண்ணெயில் கதிரியக்கம் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், நிபுணர் குழு ஆபத்தில்லை என்று சொல்லும்வரை ரொட்டிக்கு எதைத் தடவுவது என்பதே வீட்டில் பேச்சு.)

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் மருந்து விற்பவன் ஆகிவிடுவேன். குண்டுத் தூசி அதிகம் இறங்கியது வடக்கே, நடு அட்சரேகைகளில். பாறசாலை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான். ஐரோப்பாவில் கிடைத்ததில் சிறு பங்குதான் நமக்குக் கிடைத்தது. அதிலும் 1963-க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டதால் மிஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்கு. ஒரு வில்லையை ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கருவியில் வைத்தால்தான் முனை தலைகாட்டும். எங்கள் செம்மண்ணில் இருக்கும் களி, சீசியத்தை மற்றக் களிகளைப் போல் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதும் இல்லை. இடையில் யாராவது குளத்தைத் தோண்டியிருந்தால் அந்த ஆண்டுகளின் பக்கம் கிழிந்து போயிருக்கும். எருமை இறங்கிக் கலக்கியிருந்தாலும் வில்லைகள் கலங்கியிருக்கும்.

அதனால் ஆய்வாளர்கள் சீசியத்தை மட்டும் நம்பி உட்காருவதில்லை. துணைக்கு ஈயம்-210 இருக்கிறது. இது குண்டுக்குப் பிறந்ததல்ல, பூமிக்குப் பிறந்தது. மண்ணிலுள்ள யுரேனியம் தேய்ந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. அது நிலத்திலிருந்து தப்பி வானில் ஏறி, நாலைந்து நாளில் உருமாறி, கடைசியில் ஈயம்-210 ஆகி மழையோடு திரும்பி வருகிறது. 22 ஆண்டுகளில் பாதியாகும். மேல் வில்லையில் எவ்வளவு, கீழ் வில்லையில் எவ்வளவு என்று பார்த்தால் நூறு, நூற்றைம்பது ஆண்டு வரை பின்னால் போகலாம். 1963-லேயே கோல்டுபர்க் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு வழிகாட்டினார். இன்னொன்று பெரிலியம்-7. விண்கதிர் காற்றில் மோதுவதால் உண்டாவது. ஆயுள் குறைவு, 53 நாளில் பாதி. மண்ணின் மேல்தோலில் மட்டும் ஒட்டியிருக்கும். ஓர் இடவப்பாதியில், ஒரு துலாம் மழையில் எவ்வளவு போயிற்று என்று பார்க்க அது உதவும்.

வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை இந்த முறைகளுக்குக் கையேடே வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனத்தார் நைனிடால் ஏரிச் சேற்றை இந்தச் சீசியத்தையும் ஈயத்தையும் கொண்டே தேதியிட்டார்கள். இமயத்துக்குப் போன முறை நெய்யாற்றங்கரைக்கு வர ஏன் தயங்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலில் விழுகிறது. 1958-இல் அணை கட்டினார்கள். ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நீர்த்தேக்கம் அமையாது. அடியில் பழைய ஆற்றுத் தரை, அதன்மேல் ஐந்தாண்டுச் சேறு, அதற்குமேல் 1963-இன் முனை. அங்கிருந்து இன்றுவரை எவ்வளவு நிறைந்தது என்பதை அளந்தால் அணை எவ்வளவு கொள்ளளவை இழந்தது என்பது மட்டுமல்ல, எந்தப் பத்தாண்டில் வேகமாக இழந்தது என்பதும் தெரியும். படகில் சென்று ஆழம் பார்ப்பதில் மொத்தக் கணக்குத்தான் வரும். ஆண்டுவாரிக் கணக்கு வராது. 2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு நீர்த்தேக்கத்தை ஒட்டிய அம்பூரியில் மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்களே, அந்த இரவின் சேறும் தேக்கத்தின் அடியில் எங்கோ ஒரு தடித்த அடுக்காகக் கிடக்க வேண்டும்.

இது வெறும் ஆராய்ச்சி ஆசை இல்லை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 2004-இல் கேரளம் அதை நிறுத்தியது. 2012-இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. என் தங்கை விளவங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. நான் நெய்யாற்றின்கரை வட்டத்துக்காரன். எங்கள் வயலுக்கும் போதவில்லை. எல்லையின் இரண்டு பக்கமும் உரிமை பற்றி நிறையப் பேசுகிறோம். தேக்கத்தில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் எவ்வளவு மண் நிற்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பங்கு கேட்கும் முன் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? தமிழகத்தின் பக்கம் 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை இருக்கிறது. நூறாண்டு தாண்டிய அந்தத் தேக்கத்துக்கு ஈயம்-210 ஏற்றது. இரண்டையும் ஒரே குழு, ஒரே முறையில் அளந்தால் இரு மாநில அதிகாரிகளும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பேசலாம். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

மறுபடி எங்கள் குளத்துக்கு வருகிறேன். ரப்பரா, மரச்சீனியா?

இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. மரச்சீனி நட்ட முதல் இரண்டு மூன்று மாதம் தரை மொட்டையாகக் கிடக்கும். அது சரியாக மழை அடிக்கும் காலம். பிடுங்கும்போது மூட்டோடு மண்ணும் இளகும். சரிவில் மரச்சீனி மண்ணை இறக்கும் என்பது வேளாண்மை படித்த எல்லோரும் அறிந்தது. ரப்பர் நன்றாக வளர்ந்து நிழல் கட்டி, கட்டும் மூடுபயிரும் இருந்தால் மண்ணைக் காக்கும். ஆனால் இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வெட்டி, இயந்திரத்தால் குழி எடுத்து மறுநடவு செய்யும்போது அந்த ஓரிரு மழைக்காலத்தில் போகிற மண் கொஞ்சமல்ல. என் அண்ணன் மறுநடவு செய்த ஆண்டை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை.

இங்கேதான் இந்த முறையின் இன்னொரு திறமை வருகிறது. சீசியமும் மழையில் வந்த ஈயமும் நிலத்தின் மேல் அரையடி, முக்கால் அடிக்குள்தான் இருக்கும். அதற்குக் கீழே உள்ள மண்ணில் இரா. ஆகவே குளத்துச் சேற்றில் இவை நன்றாக இருந்தால் அது விளையின் மேல்மண். மரச்சீனியோ ரப்பரோ, பயிர்த்தொழிலால் வந்தது. சேறு தடியாக இருந்தும் இவை இல்லாமல் வெறுமையாக இருந்தால், அது அடிமண். அதாவது குன்றை வெட்டியதாலோ, சாலைக்குப் பிளந்ததாலோ, கரை இடிந்ததாலோ வந்தது. மண்வெட்டி அவ்வளவு ஆழம் போகாது. ஜேசிபிதான் போகும்.

குத்தகைக்காரர் சொன்ன அந்தப் பத்து வருடக் கணக்கு என் நெஞ்சில் தைத்தது இதனால்தான். எங்கள் குடும்பத்துக்கு ஒரு மேட்டு விளை இருந்தது. குளத்துக்கு நேர் மேலே. மகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது: "மண்ணுக்கு ஆளு வந்திருக்கு. லோடுக்கு நல்ல விலை. விளை நிரப்பாகும், வீடு வைக்கவும் சௌகரியம்." நான் மும்பையில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். சரி என்று சொல்ல அரை நிமிடம் ஆகவில்லை. இருபதடி உயரச் செம்மண் குன்றை நாற்பது நாளில் கொண்டுபோய் யாருடைய வயலையோ நிகத்தினார்கள். வயலை நிகத்தக் கூடாது என்று கேரளத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. அதை அறியாதவன்போல் நான் இருந்துவிட்டேன். வெட்டிய முகம் இரண்டு மழைக்குத் திறந்தே கிடந்தது. வெட்டாமல் நின்ற பகுதியும் மழையில் இடிந்து கீழே ஓடியது. எங்கே ஓடியது என்று நான் கேட்கவில்லை. கீழே இருப்பது குளம் ஒன்றுதான்.

கூட்டத்தில் நான் வாய் மூடி இருந்ததன் காரணம் இதுவே. ரப்பரும் மரச்சீனியும் அடித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஆள் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

நம் வாசகர்களில் எத்தனை பேர் இப்படித் தொலைபேசியில் மண் விற்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பயணம் செய்தால் குன்று இருந்த இடமெல்லாம் செங்குத்தான சிவப்புச் சுவராக நிற்பதைப் பார்க்கலாம். ஆற்றில் மணல் எடுப்பதை நாம் திட்டுகிறோம். நெய்யாற்றின் கரைகள் இடிந்து தென்னைகள் ஆற்றில் சாய்ந்த கதையைத் திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மணலுக்கு 2001-லேயே கேரளம் சட்டம் இயற்றியது. ஆனால் மணல் எடுப்பவன் இரவில் வருகிறான், அதனால் திருடன். மண் எடுப்பவன் பகலில் நம் ஒப்புதலோடு வருகிறான். எனக்கு இந்த இரண்டில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஊரில் பயம் வரும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். "நம்ம குளத்தில அணுகுண்டு கிடக்குதாம்" என்று மறுநாளே செய்தி பரவும். எங்கள் கடற்கரையின் இயல்பு தெரிந்தால் அந்தப் பயம் வராது. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது. 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். வடக்கே கருநாகப்பள்ளியில் அதே வகை மணலின் மேல் தலைமுறை தலைமுறையாக வாழும் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அந்த இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். நம் குளத்துச் சீசியம் அதன் முன்னே ஒன்றுமே இல்லை. ஒரு நாள் முழுதும் கருவியில் வைத்தும் தலைகாட்டத் தயங்குகிற பொருள் யாரை என்ன செய்யும்? கடலோரக் கிராமங்களில் இந்தத் தோரிய மணல் கருவிக்குத்தான் தொல்லை: கூச்சலான சந்தையில் மெல்லப் பேசுபவரைக் கேட்பதுபோல் இருக்கும். எங்கள் குளம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் அந்தத் தொல்லையும் குறைவு.

என் கோரிக்கை சிறியது. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து ஊராட்சிகள் குளம் தூர்வார அனுமதி கொடுக்கும்போது, இயந்திரம் இறங்குவதற்கு முன் குளத்துக்கு இரண்டு குழாய்ச் சேறு எடுத்து வைக்கச் சொல்லட்டும். திருவனந்தபுரத்தில் இதற்கு வேண்டிய அறிவுடையவர்கள் இருக்கிறார்கள். மரச்சீனியை ஆராயவே 1963-இல் தொடங்கிய நிலையம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. (சீசியம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டு!) ஒரு முறை தோண்டிவிட்டால் அறுபது ஆண்டுக் கணக்கும் லாரியில் ஏறித் தென்னந்தோப்புக்கு உரமாகப் போய்விடும். பிறகு யாரை விட்டு எழுதினாலும் கிடைக்காது. சீசியமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் முப்பது ஆண்டில் இப்போதிருப்பதில் பாதிதான்.

இதை மனுவாக ஊராட்சிக்கு எழுதியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் துருப்பிடித்துவிடும். நம் பிள்ளைகளில் பௌதிகமோ மண்ணியலோ படிப்பவர்கள் இருந்தால், ஆய்வுக்குத் தலைப்புத் தேடி வெளிநாட்டு ஏரிகளைப் புரட்டும் முன் எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். குளமும் காவும் நான் காட்டுகிறேன். தங்க வீடும் உண்டு. மரச்சீனியும் மீன்கறியும் என் அண்ணி பார்த்துக்கொள்வாள்.

மனு கொடுத்த அன்று மாலை அண்ணனிடம் மேட்டு விளை மண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது எனக்குத் தெரியாமலாடே இருக்கும்? நீ சபையில சொல்லுவியா இல்லையான்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

மேடம் மாதத்தில் குளம் நன்றாக வற்றும். நான்கு அடி பிளாஸ்டிக் குழாய் இரண்டு வாங்கி அண்ணன் வீட்டு விறகுப்புரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இடவப்பாதிக்கு முன் ஊர்க்கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நாற்காலியில் உட்காரப் போவதில்லை.